தூக்குமரத்துக்கு முதல் அடி

ஆல்டன்ஃபெல்ஸ் ஊர்த் தூக்குமரம் உளுத்துப்போய் ஒரு நாள் தானாகவே சாய்ந்தது. அந்த வாரம்தான் நகர மன்றம் நெசவாளி வெல்ட்டனைத் தூக்கிலிடத் தீர்ப்பு எழுதியிருந்தது. குற்றம், ஒரு வணிகரின் கிடங்கிலிருந்து துணி திருடியது. திருடினானா என்றால் திருடினான்தான். கட்டைவிரலை இடுக்கியில் வைத்துத் திருகியதும், திருடாத துணிகளையும் சேர்த்தே ஒப்புக்கொண்டான்.

மரம் சாய்ந்த சேதி கேட்டு அவன் மனைவி வால்புர்கா தன் பீர்க்கடையில் உட்கார்ந்து ஆசைதீர அழுதாள். சந்தோஷம்தான். மரம் இல்லாமல் எப்படித் தொங்கவிடுவார்கள்?

புது மரம் நடுவது லேசுப்பட்ட காரியமில்லை. தூக்குமரத்தைத் தொட்டவனுக்குத் தீட்டு. அவனைத் தொழிற்சங்கம் தள்ளிவைக்கும், அவன் பெண்ணை எவனும் கட்டமாட்டான், அவன் செத்தால் தூக்க ஆள் வராது. அதனால் ஊரிலுள்ள எல்லாச் சங்கத்தாரும் மேளதாளத்தோடு ஊர்வலம் போய், ஆளுக்கொரு அடி சுத்தியலால் அடித்துவிட்டு வரவேண்டும். எல்லாருக்கும் தீட்டென்றால் யாருக்கும் தீட்டில்லையாம். என்ன மூளை பாருங்கள். மனுஷனைக் கொல்ல நடுங்காத கை, கட்டையைத் தொட நடுங்கியது.

ஊர்வலத்தில் முன்னால் போவது யார், முதல் அடி யாருக்கு? வால்புர்கா பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். அதில் சண்டை மூண்டால் மரம் எழும்பாது. மன்றம் சலித்துப்போய் வெல்ட்டனை ஊரைவிட்டுத் துரத்திவிடும் என்பது அவள் கணக்கு. எந்த ஊருக்குத் துரத்தினாலும் அவளும் கூடவே போய்விடுவாள்.

தச்சர் சங்கத் தலைவர் கிலியான் பீர் குடிக்க வந்தார். திருடன் பெண்டாட்டி என்று தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்தான். பீர் விஷயத்தில் அவ்வளவு கறார் இல்லை.

"என்ன மேஸ்திரி, முதல் அடி ரொட்டிக்காரங்களுக்காமே?"

"எவன் சொன்னான்?"

"எனக்கென்ன தெரியும், பேசிக்கிட்டாங்க. தச்சருங்க பின்னால நின்னு மேளம் கேட்டாப் போதும்னாங்க."

"மாவு பிசையுற பயலுக்குச் சுத்தியல்ல எந்தப் பக்கம் பிடின்னு தெரியுமா?" கிலியானுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

சாயங்காலம் ரொட்டிக்காரர்கள் வந்தார்கள். "பாவம், உங்களைக் கசாப்புக்காரங்களுக்கும் பின்னால தள்ளப்போறாராமே கிலியான் மேஸ்திரி," என்று உச்சுக்கொட்டிக்கொண்டே ஊற்றிக்கொடுத்தாள். அவ்வளவுதான். ஊர்வலம் கிளம்பின அன்று சந்தைத் திடலைத் தாண்டவில்லை. ரொட்டிக்காரர் கொடியைத் தச்சர்கள் கிழித்தார்கள், தச்சர் மேளத்தை ரொட்டிக்காரர்கள் உதைத்துப் பொத்தலாக்கினார்கள். நடக் கொண்டுபோன புது மரம் திடலிலேயே கிடந்தது.

வால்புர்கா ரொட்டியை எடுத்துக்கொண்டு சிறைக்கு ஓடினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வெல்ட்டன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"ஊரையே கொம்பு சீவி விட்டுட்டியாடி?"

"நீங்க சாப்பிடுங்க. அவங்க கௌரவம் பெரிசா இருக்கற வரைக்கும் உங்க கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது."

மறுநாள் மன்றத்து எழுத்தர் பல்லெல்லாம் தெரியக் கடைக்கு வந்தார். "அம்மா, நல்ல சேதி. மன்றம் கருணை காட்டியிருக்கு. தூக்கு ரத்து."

அவள் கால் தரையில் நிற்கவில்லை. "விட்டுட்டாங்களா ஐயா? எந்த ஊருக்குப் போகச் சொல்றாங்க?"

"ஊரா? வாளுக்கு மாத்தியிருக்காங்கம்மா. வாளுக்கு மரமும் வேணாம், ஊர்வலமும் வேணாம். நாளைக் காலையிலயே முடிஞ்சிடும்."

வால்புர்கா அவர் வழியை மறித்தாள். "இல்லைங்க ஐயா, மரம் வரட்டும், அவசரமில்லை. நாங்க காத்திருக்கோம்."

"என்னம்மா பேச்சு இது? வாள்ல சாகறது பெரிய மனுஷன் சாவு. தீட்டு கிடையாது, தேவாலயத்து மண்ணுலயே புதைக்கலாம். துணி திருடினவனுக்கு இது சும்மா கிடைக்குமா? எல்லாம் அந்தச் சண்டையால வந்த யோகம். எவன் மூட்டிவிட்டானோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கருணை பெற்ற வீட்டார் மன்றத்தில் மண்டியிட்டு நன்றி சொல்வது வழக்கம். அன்று மதியமே அவளைக் கூட்டிப்போனார்கள். தச்சர்களும் ரொட்டிக்காரர்களும் சமாதானமாகித் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் முகம் திருப்பிய கிலியான் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கொடுத்து வெச்சவம்மா நீ. இனி எங்க வீட்டுப் பொம்பளைங்க உன் பக்கத்துல தாராளமா உக்காருவாங்க," என்றார். மனதாரத்தான் சொன்னார்.

வால்புர்கா மண்டியிட்டாள். எழுத்தர் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் கணவருக்குக் கிடைத்த கருணைக்கு நன்றி.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா," என்றார் நகரத் தலைவர். "பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம்."

அவள் சத்தமாகச் சொன்னாள்.