குளியலறை வாசலில் கருப்புக் கல்

காலையிலிருந்து சாமுவேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் குளியலறைக்குப் போக வேண்டும். போக வேண்டுமென்றால் வாசலில் இருக்கும் அந்தக் கருப்புக் கல்லைத் தாண்ட வேண்டும். கட்டில் ஓரத்தில் தொடைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆம்பூரை ஒட்டிப் புதிதாகக் கட்டிய முதியோர் இல்லம் அது. தரையெல்லாம் வெள்ளை டைல்ஸ். ஒவ்வொரு குளியலறை வாசலிலும் முழ அகலத்துக்குப் பளபளவென்று கருப்பு கிரானைட். பார்க்க வருகிறவர்கள் ஓட்டல் மாதிரி இருக்கிறதே என்று வாயைப் பிளந்துவிட்டுப் போவார்கள். புரை விழுந்த சாமுவேலின் கண்ணுக்கோ அது கல்லாகத் தெரியவில்லை, தண்ணீர் தளும்பும் குழியாகத் தெரிந்தது. வாலிபத்திலிருந்து தோல் கம்பெனியில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிகளின் விளிம்பில் நடந்து பிழைத்தவர் அவர். கூட வேலை பார்த்த அமீர் பாஷா கழிவுத் தொட்டிக்குள் விழுந்து, விஷவாயு தாக்கிப் பிணமாக மேலே வந்ததைக் கண்ணால் பார்த்தவர். வாசலில் இருப்பது கல்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கிட்டே போனால் கால் எழும்பாது.

பணிப்பெண் மோகனாவிடம் மட்டும்தான் இதைச் சொல்லியிருந்தார். தினமும் விடிந்ததும் அவள் கல்லின் மேல் ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்துவிடுவாள். அதன் மேல் நடந்து போய் வருவார். இன்று அதை எடுக்கச் சொல்லிவிட்டார் மேனேஜர் பிரேம்நாத். இல்லத்தைக் கட்டிய இன்ஜினியர் வருகிறாராம். மேலே இன்னொரு மாடி எழுப்பப் போகிறார்கள்.

"கண்ண மூடிக்கோ தாத்தா, நான் கையப் புடிச்சிக் கூட்டினு போறேன்," என்றாள் மோகனா.

"வாணாம்மா. உள்ள போய்ட்டேன்னா?"

"அப்ப வர்றவரு கிட்ட சொல்லிடு. அவருதான் அந்தக் கல்லப் போட்டவரு."

"சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? கெழவனுக்கு மூளை கலங்கிடுச்சும்பாங்க. பக்கத்து ரூம் சவுரியம்மாள அப்பிடித்தான அனுப்சிட்டாங்க. எனக்கு யாரு இருக்கா, எங்க போவேன்?"

புத்தி தடுமாறியவர்களை இங்கே வைத்துக்கொள்ள மாட்டோம் என்பது, சேரும்போதே எல்லோரிடமும் சொல்லிவிடுகிற விஷயம்.

இன்ஜினியர் தௌசீப் அகமது நல்ல மாதிரி. வந்ததும் வராததுமாகக் கட்டிலருகே குந்தி உட்கார்ந்து, சாமுவேலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாடி கட்டுறதுக்கு முன்னாடி உங்கள எல்லாம் கேக்கணும்னு வந்தேன் தாத்தா. இங்க எதாச்சும் மாத்தணுமா, கூச்சப்படாம சொல்லுங்க."

சாமுவேலின் வறண்ட நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்ஜினியருக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்தார்.

"ஒரு கொறையும் இல்ல சார்."

"பாத்ரூம் போய் வர்றதெல்லாம் சௌகரியமா இருக்கா?"

"இருக்கு சார்."

இன்ஜினியர் எழுந்தார். அறை முழுவதையும் படமெடுக்க செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் குளியலறை வாசல். கல்லுதான், கல்லுதான் என்று சாமுவேல் தனக்குள் சொல்லிக்கொண்டார். வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் தெருதான். இன்ஜினியரின் குதிகால் கருப்பின் விளிம்புக்கு வந்துவிட்டது.

"குழி சார்!"

எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. பாய்ந்து போய் இன்ஜினியரின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்தார். செல்போன் கீழே விழுந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூத்திரம் வேட்டியை நனைத்துக்கொண்டு வெள்ளைத் தரையில் ஓடியது.

"பின்னால குழி சார். போவாதீங்க."

இன்ஜினியர் அந்தக் கைகளை மெதுவாக விலக்கினார். ஷூ நனையாமலிருக்க ஓர் அடி பின்னால் போய்க் கருப்புக் கல்லின் மேல் நின்றுகொண்டார். "பாவம். எவ்ளோ நாளா இப்பிடி?"

"இன்னிக்குத்தான் சார் எங்களுக்கே தெரியுது," என்ற பிரேம்நாத் அறை வாசல் பக்கம் திரும்பினார். "மோகனா, பெரியவரோட துணியெல்லாம் எடுத்து வை."

மோகனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேனேஜர் பார்த்த பார்வையில் அடங்கி, அலமாரியைத் திறந்தாள்.

இன்ஜினியர் குனிந்து காலடியைப் பார்த்தார். "இந்தக் கல்லு நல்லா ஒழைக்குது. ஈரம் பட்டாலும் தொடைச்சா போய்டும். மாடிக்கும் இதையே போட்டுடலாம்."

அவரைப் பிடித்து மேலே இழுக்க, சாமுவேல் இன்னும் கையை நீட்டிக்கொண்டே நின்றார்.