மைனஸ் முப்பத்திரண்டில் ஒரே அறை

அஸ்தானாவில் குளிர் மைனஸ் இருபத்தைந்தைத் தாண்டினால் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி கிடையாது. காலை ஆறரைக்குக் கைப்பேசியில் செய்தி வரும். ஏழு மணிக்கு என் வீட்டு மணி அடிக்கும். நான் வீட்டிலேயே உட்கார்ந்து திரைச்சீலை தைக்கிறவள். வீட்டில் இருந்து தைத்தால் சும்மா இருக்கிறாள் என்றுதான் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் நினைப்பு. "பல்ஜான் அக்கா, இன்னிக்கு ஒரு நாள்தான்" என்று பிள்ளைகளை என் தலையில் கட்டிவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். அந்த ஜனவரியில் அந்த ஒரு நாள் பன்னிரண்டு நாளாக இழுத்தது.

ஒன்பது பிள்ளைகள், ஒரு அறை. வாய் ஓயாமல் திட்டுவேன், திட்டிக்கொண்டே பவுர்சாக் ரொட்டி பொரித்துப் போடுவேன், நூல்கண்டை உருட்டியவன் காதைத் திருகுவேன். அக்டோபரிலேயே ஜன்னல் இடுக்கெல்லாம் பஞ்சடைத்துக் காகிதம் ஒட்டிவிடுவது என் வழக்கம். குளிர்காற்று பட்டால்தான் பிள்ளைகளுக்கு நோய் வரும் என்று நம்பியிருந்தேன். அறை அடுப்படி மாதிரிக் கதகதவென்று இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூன்றாம் மாடி குன்சுலு பேருந்து ஓட்டுகிறவள். புருஷன் மேற்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை, மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். அவள் மகன் எர்தாய்க்கு எட்டு வயது. என் கூட்டத்திலேயே சத்தம் போடாத பிள்ளை அவன் ஒருவன்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்தாம் மாடி ஜிபெக், மருந்துக் கடைக்குப் போய் வர ஒரு மணி நேரம் தன் கைக்குழந்தையை என்னிடம் விட்டுப் போனாள். அல்டியாருக்கு ஐந்து மாதம். கண்பட்டுவிடக் கூடாது என்று நெற்றியில் கரி வைத்திருந்தாள். எனக்கோ மறுநாள் கொடுக்க வேண்டிய தையல் வேலை பாக்கி. யார் மடியில் போடுவது என்று பார்த்தேன். எர்தாய் கையை நீட்டினான்.

"பெரியம்மா, நான் வச்சுக்கிறேன். கீழ போடமாட்டேன்."

ஒரு மணி நேரமும் அவன் மடியை விட்டுக் குழந்தை இறங்கவில்லை. அவன் இரண்டு முறை இருமினான். யார்தான் ஜனவரியில் இருமவில்லை என்று நானும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் எர்தாய் ரொட்டியைத் தொடவில்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தன. தொட்டால் கை சுட்டது. முடியை ஒதுக்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துவரை சிவப்புப் புள்ளிகள் இறங்கியிருந்தன. எனக்கும் சின்ன வயதில் வந்ததுதான், பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மற்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குன்சுலுவைக் கூப்பிட்டேன். ஓட்டுநர் சட்டையோடு ஓடி வந்தாள்.

"இவனுக்குத் தட்டம்மை ஊசி போட்டியா, இல்லையா?"

அவள் தரையைப் பார்த்தாள். "குழந்தையா இருக்கும்போது ஒரு ஊசி போட்டு ஜுரத்துல வலிப்பு வந்துடுச்சு அக்கா. என் கையிலயே நீலம் பாரிச்சுப் போனான். அப்புறம் எந்த ஊசியும் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"காலையில ஜுரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. மருந்து குடுத்துதான் கூட்டிட்டு வந்தேன். லீவு கேட்டா என் பஸ்ஸை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் மகனின் சட்டையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டே நின்றாள்.

சாயங்காலம் வந்த ஆம்புலன்ஸ் டாக்டர் சின்னப் பையன். புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. தட்டம்மைதான் என்றான்.

"பள்ளிக்கூடமே பத்து நாளா இல்லையே தம்பி, எப்படி வந்துச்சு?"

"எங்கேயோ கடையிலயோ பஸ்லயோ ஒட்டியிருக்கும். குளிர் தட்டம்மையைக் குடுக்காதும்மா. எல்லாரையும் ஒரே அறையில அடைச்சு வைக்கும், மிச்சத்தை நோயே பாத்துக்கும்." ஜன்னலில் ஒட்டிய காகிதத்தை ஒருமுறை பார்த்தான். "புள்ளி வர்றதுக்கு நாலு நாள் முன்னாலயே ஒட்டிக்கும். ஊசி போடாத சின்னக் குழந்தை யாராவது இவன்கூட இருந்தாங்களா?"

அல்டியார் பெயரையும், செவ்வாய்க்கிழமை அவன் மடியில் இருந்ததையும் சொன்னேன்; ஊசி போடுகிற வயதே குழந்தைக்கு ஆகவில்லை. ஆறு நாளுக்குள் நோயைத் தடுக்கிற ஊசி ஒன்று போட்டால் காப்பாற்றலாம், திங்கள்தான் கடைசி, அதுவரை காத்திருக்காமல் நாளைக்கே போடுங்கள் என்றான். மருத்துவமனையில் நாளை இரண்டு மணிவரை மட்டும்தான் போடுவார்களாம்.

அவன் போனதும் குன்சுலு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரோட பிள்ளைன்னு மட்டும் சொல்லாத அக்கா."

சரி என்றேன். ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள் என்று எனக்குப் பெயர். ஜிபெக் கதவைத் திறந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவள் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"யாரோட பிள்ளைக்கு?"

"ஒன்பது பேர் இருந்தாங்கம்மா... எவன்னு..." என்று மென்று விழுங்கினேன்.

பின்னால் படியில் காலடிச் சத்தம் கேட்டது. குன்சுலுதான் ஏறி வந்திருந்தாள்.

"என் பையன்தான் ஜிபெக். ஊசி போடாம விட்டதும் நான்தான், ஜுரத்தை மறைச்சதும் நான்தான். அக்கா மேல தப்பில்ல."

ஜிபெக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சனிக்கிழமை மைனஸ் முப்பத்திரண்டு, அதோடு பனிப்புயல். பேருந்தை நிறுத்திவிட்டார்கள், டாக்ஸிக்காரன் எவனும் வர ஒப்பவில்லை. எர்தாயைப் பார்த்துக்கொள்ள என் புருஷனை உட்காரவைத்துவிட்டு, ஜிபெக்கோடு நானும் இறங்கினேன். அல்டியாரைச் சுற்ற என் கம்பளித் திரைச்சீலை ஒன்றை வெட்டினேன். வாசலில் குன்சுலு காத்து நின்றாள். ஆள் நல்ல அகலம். யாரையும் கேட்கவில்லை, முன்னால் நடக்கத் தொடங்கினாள். எதிர்க்காற்று முழுவதையும் அவள் நெஞ்சில் வாங்கிக்கொண்டாள். ஜிபெக் அவளோடு பேசவில்லை, ஆனால் அவள் முதுகின் மறைவை விட்டு ஓர் அடி விலகவும் இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் அப்படியே போனோம். ஊசி போட்ட நர்ஸ், "இனிமே வந்தாலும் லேசாத்தான் வரும், மூணு வாரம் கவனிங்க" என்றாள்.

இரண்டு பிள்ளைகளும் பிழைத்தார்கள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாட்களில் அது எங்களுக்குத் தெரியாது. செவ்வாயன்று எர்தாய்க்கு நுரையீரலில் சளி கட்டி, தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். குன்சுலு அவன் கட்டிலருகே கிடந்தாள். ஜிபெக் அவளைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் ஜன்னல் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜிபெக் என்னை மேலே கூப்பிட்டாள். அல்டியாருக்கு உடம்பு லேசாகச் சுட்டது. காதுக்குப் பின்னால் நான்கு புள்ளிகள். டாக்டர் அப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருந்தார். லேசானதுதான், வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம், ஆனால் மூச்சைக் கவனிக்க வேண்டும் என்றாராம். ஜிபெக் அழுது முடித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து என் கைப்பேசி அடித்தது. குன்சுலுதான். அறை நிசப்தமாக இருந்ததால் அவள் குரல் வெளியே கேட்டது.

"அக்கா, ரெண்டு நாளா இவன் ஒரு வாய் சாப்பிடல. ஒரே கேள்விதான். தம்பிக்கு வந்துடுச்சாங்கறான். மடியில வச்சிருந்தப்ப இருமிட்டானாம், முத்தம் வேற குடுத்தானாம். நான் என்னக்கா சொல்ல?"

ஜிபெக் என்னையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்கக்கா." வாங்கிக்கொண்டாள். "பையன்கிட்ட குடு" என்றாள். அன்று கதவைச் சாத்திய பிறகு குன்சுலுவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மறுமுனையில் இருமல் கேட்டது.

"எர்தாய், நான் அல்டியாரோட அம்மா பேசறேன். தம்பிக்கு ஒண்ணும் வரலடா ராஜா. நல்லா இருக்கான். நீ சூப்பைக் குடி, சீக்கிரம் வந்து தூக்கிக்கோ."

அதைச் சொல்லும்போது அவள் விரல் குழந்தையின் காதுக்குப் பின்னால், அந்த நான்கு புள்ளிகளின் மேல்தான் இருந்தது.