ஆயாக்கொட்டாய்ச் சாமான்

மலேசியாவுல மெர்லிமாவ் பக்கத்து எஸ்டேட்டுல ஆயாக்கொட்டாய்னு ஒண்ணு இருக்கு. அம்மாமாருங்க ரப்பர் மரம் சீவப் போறப்ப பிள்ளைங்கள விட்டுட்டுப் போன இடம். அதக் கண்காட்சியாக்க ரெண்டு வருசமா நாயா அலைஞ்சவரு ரிட்டயர்டு கிளார்க்கு காண்டீபன். இன்னைக்கு மலாய்க்கார அதிகாரியம்மா புவான் நோர்லிடா வந்து பாத்துச் சரின்னு சொல்லணும். இல்லன்னா கொட்டாய இடிச்சிருவாங்க.

காலையில கதவத் திறந்தாரு. உள்ள நாலு சுவருதான் இருந்துச்சு. பதறிப்போயி, சாமான் குடுத்த முனியாயிக்குப் போன் போட்டாரு.

"அக்கா, அண்டா எங்க? பெஞ்செல்லாம் எங்க?"

"மண்டபத்துலதான் தம்பி. மவளுக்குக் கல்யாணமாச்சே! சாவி உங்க வூட்டம்மாதான் குடுத்தாங்க."

"கண்காட்சிக்குன்னு குடுத்தீங்களேக்கா!"

"குடுத்தேன்தான். எடுக்க மாட்டேன்னா சொன்னேன்?"

அதுக்குள்ள புவானோட காரு வந்துருச்சு. வேற வழியில்லாம எதிர்த்தாப்புல இருந்த மண்டபத்துக்கே கூட்டிட்டுப் போனாரு. அண்டாவுல சாம்பார் கொதிச்சுது. 'தொடக்கூடாது'ன்னு அவரே எழுதுன அட்ட அதுல ஆடிட்டிருந்துச்சு. அதே அட்ட தொங்குன பெஞ்சுல முனியாயி புவானக் கையப் புடிச்சு உக்கார வச்சாங்க.

புவான் சுத்திச் சுத்திப் படம் எடுத்தாங்க. "கொட்டாய இடிக்க வேணாம்லா"ன்னு சிரிச்சாங்க. "ஆனா திறக்குற அன்னைக்குச் சாமான் உள்ள இருக்கணும். எப்ப வச்சுக்கலாம்?"

காண்டீபன் மண்டபத்துக் காலண்டரக் கழட்டி ரொம்ப நேரம் புரட்டிப் பாத்தாரு.

"ஆடி மாசம் வச்சுக்கலாம் புவான். அப்பதான் எங்க ஆளுங்க யாரும் கல்யாணம் பண்ண மாட்டாங்க."