டிராகன் ரயிலின் சிவப்புக் கோடு

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நான்கு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை அக்கா மகளை அந்தச் சின்னப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். ஞாயிறு மாலை ஆறு மணியோடு நிரந்தரமாக மூடுகிறோம் என்று வாசலில் தாள் ஒட்டியிருந்தார்கள். அவளுக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பொடிசு. அங்கே அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, டிராகன் ரயில். அதன் வரிசைக்கு முன்னால் கம்பத்தில் ஒரு தகரப் பலகை, அதில் சிவப்புக் கோடு, பக்கத்தில் '120 செ.மீ.' தலை கோட்டைத் தொடாவிட்டால் ரயில் கிடையாது. போன வருடம் அங்கிருந்து திரும்பி வந்தவள், அன்றிலிருந்து மாதம் தவறாமல் எங்கள் கதவு நிலையில் என்னைப் பென்சிலால் கோடு போட வைத்தாள். கடைசிக் கோடு 121.

பலகையில் மூன்று விரல் குறைந்தாள். ரயில் ஓட்டுகிறவர் அவள் தலைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் வா பாப்பா என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் நின்ற மஞ்சள் சட்டைச் சிறுமிக்கும் அதே கதி. அவள் அழுதுகொண்டே அப்பாவின் பின்னால் போனாள்.

பொடிசு அழவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ரப்பரை எடுத்துக்கொண்டு கதவு நிலைக்குப் போனாள்.

"பொய்க்கோடு போட்டுட்டீங்க சித்தி."

எனக்குச் சுருக்கென்றது. மாலை வகுப்பில் கட்டட வரைபடம் படிக்க ஆரம்பித்து நான்கு மாதம்தான் ஆகிறது. போன வாரம்கூட ஒரு ஜன்னலைச் சுவரைவிடப் பெரிதாக வரைந்து வைத்தேன். அதனால் வியாழக்கிழமை வகுப்பில் என் டேப்பை ஆசிரியரின் இரும்பு ஸ்கேலோடு ஒட்டி வைத்துச் சரிபார்த்தேன். பக்கத்து மேசைக்காரி, டேப்புக்கு ரத்தப் பரிசோதனையா என்று கேட்டாள். டேப் சரியாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை பொடிசைச் செருப்பில்லாமல் மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 121.

ஞாயிறு நான்கு மணிக்குப் போனோம். நேராகப் பலகையிடம் போய், தரையிலிருந்து சிவப்புக் கோடு வரை டேப்பை நீட்டினேன். 126. இன்னொரு முறை அளந்தேன். 126. காது மடல் சூடானது.

ரயில் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மறைக்கவில்லை. பலகைக்குக் கீழே பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு மரக்கட்டை இருந்ததாம். மழையில் இற்றுப்போனதால் தூக்கி எறிந்துவிட்டார்களாம். பலகையைக் கீழே இறக்கி மாட்ட யாருக்கும் தோன்றவில்லையாம்.

"எப்போ?"

"ரெண்டு வருஷம் இருக்கும்மா."

"அதுக்கப்புறம் வந்த பிள்ளைங்க எல்லாம்?"

"கோட்டைத்தானே பார்க்கச் சொன்னாங்க. கோட்டைப் பார்த்தேன்."

சனி ஞாயிறு மட்டும், நாளுக்கு நான்கே பிள்ளைகள் என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். எண்ணூறைத் தாண்டியது. எண்ணூறு பிள்ளைகளிடம் நீ வளரவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை வீட்டில் எத்தனை கோட்டை அழித்தார்களோ.

மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் ராட்டினத்தில் 'விற்பனைக்கு' என்று தாள் ஒட்டிக்கொண்டிருந்தவர், கையில் பசையோடு வந்தார். நான் அளவுகளை வரிசையாகச் சொன்னேன். அவர் பாதியில் சிரித்தார்.

"இன்னும் ரெண்டு மணி நேரத்துல மூடப்போற இடத்துக்கு அளவு என்னம்மா அளவு? பாப்பா ஆசைப்படுது, ஏத்தி விடுங்கப்பா."

ஏதோ தானம் கொடுப்பதுபோல் சொன்னார். வெட்கத்தோடு எழுதுகிறேன், எனக்கு அது போதும் என்று தோன்றியது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். பொடிசு அசையவில்லை.

"ஆசைக்கு ஏத்த வேணாம். எனக்கு உயரம் இருக்கு. அளந்து ஏத்துங்க."

"வாய் மட்டும் ரெண்டு மீட்டர் இருக்கு," என்றார் மேனேஜர். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"மீதியையும் அளந்துடலாம் சார்," என்றேன்.

ரயில் ஓட்டுகிறவர் மேனேஜரின் முகத்தைப் பார்க்காமல் தன் அறைக்குள் போய் ஒரு திருப்புளியோடு வந்தார். நான்கு திருகாணி. மூன்றாவது துருப்பிடித்து அடம்பிடித்தது. நான் டேப்பைப் பிடித்துக்கொள்ள, கோடு சரியாக 120-இல் வரும்படி பலகையை இறக்கி மாட்டினார். பொடிசு செருப்பைக் கழற்றிவிட்டு முதுகை ஒட்டி நின்றாள். அவர் உள்ளங்கை கோட்டுக்கு அரை விரல் மேலே நின்றது.

"நூத்தி இருபத்தொண்ணு," என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னார். "ஏறு தாயி."

அன்று காலையிலிருந்து திருப்பி அனுப்பியவர்களில் இன்னும் பூங்காவுக்குள் சுற்றிக்கொண்டிருந்த மூன்று பேரை அவரே தேடிக் கூட்டிவந்து அளந்து ஏற்றினார். மேனேஜர் பசை டப்பாவோடு போய்விட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

ரயில் ஒன்றரை நிமிடம் ஓடியது. பொடிசு தலை கலைந்து, முகம் சிவந்து இறங்கி வந்தாள். நன்றாக இருந்ததா என்று கேட்டேன். தலையாட்டினாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அந்த மஞ்சள் சட்டைப் பொண்ணுகிட்ட யாரு சித்தி சொல்லுவாங்க?"

ஒருவேளை இன்று மறுபடி வந்தால் என்று, வாசலில் போய் நின்றோம். ஆறு மணிக்குக் காவலாளி கதவை இழுத்துப் பூட்டும் வரை நின்றோம். அவள் வரவில்லை.