நோட்டில் ஏறாத பெயர்

புவனேஸ்வரியின் தலையில் பூ இல்லை.

வேறு ஊராக இருந்தால் இதை ஒரு சேதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊர் கன்னிவாடிக்குப் பக்கத்தில், மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. பல் விளக்குவதற்கு முன்பே பூப்பறிக்கப் போகிற ஜனங்கள். கட்டிக்கொடுத்த பெண் இங்கே வெறும் தலையோடு தெருவில் நடந்தால், "என்னடி, புருசனோட சண்டையா?" என்று நாலு பேராவது கேட்பார்கள். இவளோ இரண்டு நாளாக வெறும் தலையோடு நடக்கிறாள். மூன்றாம் நாள், பூ மூட்டை ஏற்றும் வேனுக்குப் பக்கத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் வண்டியை நிறுத்தி மனசுக்குள் கணக்குப் போட்டேன். எட்டு வாரம் இருக்கும்.

நான் சோலையம்மாள். இந்த ஊர் துணை சுகாதார நிலையத்து நர்ஸ். இருபத்தாறு வருட சர்வீஸ். எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் வீட்டுக்காரரே சொல்வார். சொல்லட்டும். எவள் குடம் தூக்கத் தயங்குகிறாள், எவள் பப்பாளியைக் கண்டு ஒதுங்குகிறாள் என்று மோப்பம் பிடிப்பதுதான் என் பிழைப்பு. மாசமானவளைப் பன்னிரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து என் நோட்டில் பெயரைப் பதிய வேண்டும், ரத்தம் எடுக்க வைக்க வேண்டும். இந்த வருஷம் அது என் ஊரில் சரிந்துவிட்டது. மூன்று பேர் ஐந்தாம் மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாக வந்து நின்றார்கள். மாதக் கூட்டத்தில் மேலதிகாரி எல்லோர் முன்னாலும், "ஏம்மா, உங்க ஊர்ல யாரும் மாசமாவே ஆகுறதில்லையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிலும் புவனேஸ்வரி விஷயத்தில் சும்மா இருக்க முடியாது. இருபத்து நாலு வயது. இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. முதலாவது இரண்டாம் மாதத்தில் போனது. அடுத்தது போன ஆடியில், மூன்றாம் மாதத்தில். இரண்டாவது போனபோது அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. இதுவும் போய்விடக் கூடாது.

அன்றே அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமியார் மூக்காயி நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க நர்சம்மா. என்ன இம்புட்டுக் காலையில?"

"புவனா எங்க?"

"தோட்டத்துல."

உள்ளே யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

"தோட்டம் வீட்டுக்குள்ளயே வந்துருச்சா?" என்றேன்.

"அது பித்தம். நேத்து வச்ச வெஞ்சனம் ஒத்துக்கல."

"தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சு?" மாதவிலக்கைத்தான் கேட்டேன்.

"போன வாரந்தேன் ஊத்துனா." என் கண்ணைப் பார்க்காமல், முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். காப்பி குடிக்கிறீகளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீட்டில் காப்பி குடிக்காமல் நான் திரும்பியது அன்றுதான் முதல் தடவை.

பொய் சொல்கிறார்கள், சரி. ஏன் சொல்கிறார்கள்?

மத்தியானம் ஒரு வேலையாகத் திண்டுக்கல் போயிருந்தேன். பூ மார்க்கெட் பக்கத்து மருந்துக் கடையில் பழனிக்குமார் நின்றிருந்தான். மூக்காயியின் மகன், புவனேஸ்வரியின் புருசன், பூ வேன் ஓட்டுகிறவன். எதையோ வாங்கிச் சட்டைக்குள் திணித்தான். திரும்பி என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"என்ன தம்பி, யாருக்கு மருந்து?"

"ஒண்ணுமில்லக்கா. தலவலி."

தலைவலி மாத்திரையை எவனாவது பனியனுக்குள் ஒளிப்பானா? பஸ்ஸில் திரும்பி வரும்போது என் புத்தி கண்டபடி ஓடியது. வேண்டாம் என்று கலைக்கப் பார்க்கிறார்களோ? இல்லை, கரு தங்குவதற்கு மருந்து என்று சொல்லி எவனாவது எதையாவது விற்றுவிட்டானோ? அந்த வீட்டில் யாரையுமே என்னால் நம்ப முடியவில்லை. மூக்காயியைப் போலீசில் பிடித்துக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு கோபம்.

மறுநாள் விடியும் நேரத்தில் அவர்கள் தோட்டத்துக்கே போனேன். மூக்காயி பறித்த பூவை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போகும் வரைக்கும், திருடியைப் போல பம்புசெட்டுக்குப் பின்னால் நின்றேன். அவள் தலை மறைந்ததும் புவனேஸ்வரி முன்னால் போய் நின்றேன். மூக்கைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டப் பொய் சொல்லாத. எத்தன நாளாச்சு?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். துண்டை இறக்கினாள். "அம்பத்தெட்டு நாளு."

"பழனி மருந்துக் கடையில வாங்குனது என்ன?"

"யூரின்ல பாக்குற கார்டு. ரெண்டு கோடு வந்துருக்கு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அதை அடக்கிக்கொண்டாள்.

"அப்புறம் எதுக்குடி மறைக்கிறீக? நான் என்ன, பிள்ள பிடிக்கிறவளா?"

அவள் கையிலிருந்த மொட்டுக்களை உருட்டிக்கொண்டே இருந்தாள். "கோவிச்சுக்கிறாதீக நர்சம்மா. ரெண்டு தடவையும் உண்டானதும் மொத ஆளா உங்க நோட்டுலதேன் பேரு ஏறுச்சு. மொதத் தடவ எழுதுன பத்தாம் நாளு போச்சு. ரெண்டாவது, எழுதி ஒரு மாசத்துல போச்சு. உங்க நோட்டுல ஏறுனா தங்காதுன்னு அத்த சொல்லுது. அத்த மட்டும் இல்ல, இப்பத் தெருவே சொல்லுது. அஞ்சு மாசம் முடியட்டும், அதுக்கப்புறம் வந்து எழுதிக்கிறோம்."

ஐந்தாம் மாதம் வந்து நின்ற மூன்று பேரும் அந்தத் தெருதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னைக் கண்டதும் கதவு மூடியது, பேச்சு நின்றது, காப்பி நின்றது, எல்லாவற்றுக்கும் காரணம் நான். நான் அவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், அவர்கள் எனக்கு முன்பே என்னைச் சந்தேகப்பட்டு முடித்துவிட்டார்கள்.

அவமானமாக இருந்தது. இந்த ஊரில் ஓடியாடுகிற பிள்ளைகளில் பாதிக்குமேல் என் நோட்டில் பெயர் ஏறிப் பிறந்தவை. அத்தனை பெயரையும் மூக்காயி முகத்துக்கு முன்னால் படித்துக் காட்டுகிறேன் பார் என்று கறுவிக்கொண்டு நிலையத்துக்கு வந்து, பீரோவைத் திறந்து பழைய நோட்டுகளையெல்லாம் தரையில் இழுத்துப் போட்டேன். போன வருட நோட்டோடு புவனேஸ்வரியின் கவரும் விழுந்தது. பிரித்தேன்.

உள்ளே ஒரு லேப் சீட்டு இருந்தது. தைராய்டு டெஸ்ட். நாலுக்குள் இருக்க வேண்டியது பதினாலு புள்ளி எட்டு இருந்தது. சீட்டு என் கைக்கு வந்த தேதியை நானே எழுதியிருந்தேன். ஒரு வியாழக்கிழமை. கரு கலைந்ததற்கு ஒன்பது நாள் முன்னால். பக்கத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: 'அடுத்த செக்கப்பில் சொல்லவும்.'

அந்த வாரம் தடுப்பூசி முகாம். தலைக்கு மேல் வேலை. அடுத்த செக்கப்புக்கு மூன்று வாரம் இருந்தது, சொல்லிக்கொள்ளலாம் என்று கவருக்குள் போட்டிருக்கிறேன். அந்தச் செக்கப் வரவே இல்லை. கலைந்துவிட்டது என்று தெரிந்த அன்று, அதையும் அழகாக எழுதி, கவரை மூடி, பீரோவில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு திறந்து பார்க்கவே இல்லை.

தைராய்டு இப்படி ஏறினால் கரு தங்காமல் போகலாம். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தினமும் ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்தாயா என்று என்னைக் கேட்டார்கள், பதிந்தேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. புதிதாக ரத்தம் எடுத்தாலே தைராய்டு தெரிந்துவிடும், பழைய சீட்டு எதற்கு? நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வைத்த பிறகுதான் பழனிக்குமார் சட்டைக்குள் திணித்தது ஞாபகம் வந்தது. அவன் நல்ல சேதியை ஒளித்தான். நான் எதை ஒளிக்கிறேன்?

ஐந்தாம் மாதம் வரைக்கும் அவர்கள் வர மாட்டார்கள். மாத்திரை இல்லாமல் அவள் ஐந்தாம் மாதத்தைப் பார்ப்பாள் என்று என்னால் நம்ப முடியவில்லை. எழுந்தேன். நோட்டை வைத்துவிட்டு வெறுங்கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

மூக்காயி மறுபடியும் நிலைப்படியில் நின்றாள். மருமகள் பின்னால் நின்றாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க சந்தேகத்துல ஒரு நாயம் இருக்கு மூக்காயி. எழுதுனதால ஒண்ணும் போகல. எழுதிட்டு நான் சும்மா இருந்துட்டேன்." சீட்டை எடுத்து நீட்டினேன். தைராய்டு என்றால் என்ன, இந்தச் சீட்டு எப்போது வந்தது, நான் என்ன செய்தேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

மூக்காயி சீட்டைத் தொடவில்லை. "இப்ப எதுக்கு வந்து சொல்றீக? பேரு எழுதணுமாக்கும்?"

"எழுதாம ரத்தம் எடுக்க மாட்டாங்க. ரத்தம் பாக்காம டாக்டர் மாத்திர தர மாட்டாரு."

"அதானே பாத்தேன்."

புவனேஸ்வரி மாமியாரை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்து சீட்டை வாங்கினாள். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். தேதியைப் படித்தாள், சிவப்பு மையைப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அது இருந்திருக்குமா நர்சம்மா?"

"தெரியலத்தா. மாத்திர போட்டும் போயிருக்கலாம். இருந்தும் இருக்கலாம். சொல்லாதது என் தப்பு."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சீட்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, "அத்த, நான் போறேன். எழுதட்டும்" என்று செருப்பை மாட்டினாள். மூக்காயி ஏதோ சொல்ல வந்தாள். மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு அவளும் கூடவே கிளம்பினாள்.

வழியில் நோட்டை எடுத்துக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்து அதில் பெயரை எழுதினேன். எழுதும்போது மூக்காயி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ரத்தம் எடுத்து முடித்ததும் மருமகள் எழுந்தாள். மாமியார் எழவில்லை.

"எழுதிட்டீகள்ல. அப்புறம்?"

இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. "ரிசல்ட் வியாழக்கிழம வரும். வந்ததும் போன் பண்றேன்" என்றேன்.

"போனெல்லாம் வேணாம். நானே வாரேன்."

என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வியாழக்கிழமை எட்டு மணிக்கே லேப் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பதினொரு மணிக்குச் சீட்டு வந்தது. பதினாறு. நான் படித்துச் சொன்னேன். அதைப் பிடுங்கிக்கொண்டுபோய் லேப்காரர் ஸ்டான்லியிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னாள். பிறகு டாக்டரையும் படிக்கச் சொன்னாள். மூன்று பேரும் ஒரே எண்ணைச் சொன்ன பிறகுதான் மாத்திரையை வாங்கினாள். எப்போது போட வேண்டும், எத்தனை நாள், மறுபடி ரத்தம் எப்போது எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் என்னை இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.

நான் எரிச்சல்படவில்லை. எரிச்சல்பட எனக்கு என்ன யோக்கியதை?

வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"போன தடவையும் இந்தச் சீட்டு வியாழக்கெழமதேன் வந்துச்சா?"

"ஆமா."

"அன்னைக்கும் நான் வந்து உக்காந்திருக்கணும்" என்றாள்.

அது உன் வேலை இல்லை மூக்காயி, என் வேலை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, மருமகள் சாப்பிட நேரமாகிவிட்டது என்று பஸ்ஸுக்கு ஓடினாள்.