சாட்சிக் கதிரை

நீக்கிலாப்பிள்ளை அங்கிளுக்குப் படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். கனடாவில், டோர்செட் பார்க் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், ஒத்திகைக்கு முந்திய தேத்தண்ணியோடு, தான் மேடைக்குத் தமிழாக்கிய பழைய ஹொலிவூட் நீதிமன்றப் படத்தை எடுத்த கதையை அவிழ்த்துவிட்டார்.

"உது முதல்ல மேடை நாடகம், பிள்ளை. சாட்சிக்காரி முகத்தை மூடிக்கொண்டுதான் வருவா. படத்துக்கும் அப்பிடியே எடுத்தவங்கள். எடுத்து முடிஞ்சு பாத்தா, நடிகை இன்னும் மேக்கப் அறையில! அப்ப கூண்டில நிண்டது ஆர்? றீலைக் கொளுத்திப்போட்டு, முகம் தெரிய மறுபடி எடுத்தவங்கள்."

கேட்டுக்கொண்டிருந்த ரதி சிரித்தாள். மனுசன் அண்டப்புளுகன்.

ஆனால் அவர் செய்த மாற்றம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. முகத்திரைக்குப் பதில் சாக்கு. சாட்சி இங்கே தலையாட்டி. ஊரில் ஆமி சுற்றிவளைத்துச் சனத்தை வரிசையாக நடத்தும்போது, சாக்குக்குள் இருந்து ஆளைக் காட்டிக்கொடுப்பவன். தலை ஆடினால் ஆள் போய்விடும். ரதியின் சின்னண்ணையை அப்படித்தான் பிடித்துப்போனார்கள். அடுத்த கிழமை அவளும் சந்தியில் ஒரு சாக்கின் முன் நடந்தாள். பக்கத்து வீட்டுப் பெடியங்களுக்கெல்லாம் ஆடிய தலை, அவளுக்கு மட்டும் 'இல்லை' என்று அசைந்தது. அண்ணைக்கு என்ன நடந்தது என்று கனடா வந்தும் அவள் விசாரிக்காத ஆளில்லை.

அவர்கள் மேடைக்கு வந்தபோது தலையாட்டியாக நடிக்கும் ஜனார்த்தன் சாக்கைப் போட்டுக்கொண்டு கதிரையில் ஆயத்தமாக இருந்தான். வழக்கறிஞராக நடிக்கும் ரதி, குற்றவாளியாக நடிப்பவரை அவன் முன் நிறுத்தினாள். சாக்கு அசையவில்லை.

"ஜனா, தலையை ஆட்டடா!" என்று கத்தினார் அங்கிள்.

ரதி கிட்டப் போனாள். சாக்கு நிமிர்ந்து அவளைப் பார்த்தது. வலது பாதம் இடது கெண்டைக்காலை மெல்லத் தேய்த்தது. பிறகு 'இல்லை' என்று தலை அசைந்தது.

அம்மாவிடம் பொய் சொல்லும்போதெல்லாம் சின்னண்ணை அப்படித்தான் காலைத் தேய்ப்பார்.

வாசலில் சப்பாத்தைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சொறி அங்கிள், ஒரே ஸ்னோ. விட்பியில இருந்து இப்பத்தான் வாறன்." தோளெல்லாம் பனியோடு ஜனார்த்தன் நின்றான்.

அங்கிள் சிலுவை போட்டபடி பின்வாங்கினார். ரதி அசையவில்லை. அன்று சந்தியிலும் சாக்குக்குக் கீழே ஒரு கால் மற்றதை அப்படித்தான் தேய்த்தது. அவள் கண்டாள், கண்டதை இவ்வளவு காலமும் தன்னிடமே மறைத்து வைத்திருந்தாள்.

"சின்னண்ணை," என்றாள். "என்னை விட்டனீங்கள். அந்தப் பெடியங்களைக் காட்டினதும் நீங்களோ?"

இந்த முறை கால் தேய்க்கவில்லை. தலை மட்டும் மெல்ல, 'ஓம்' என்று ஆடியது.