வாய்க்கால் ஓரத்துப் பாத்திகள்

துறைத்தலைவர் மலர்வளையத்தை அப்பாவின் உடலின் கால்மாட்டில் சாய்த்துவிட்டுப் பேச ஆரம்பித்ததும் மகள் விருட்டென்று எழுந்து அடுக்களைக்குள் போனாள். அப்பா போய் நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் புகழுரை.

“வேளாண் புள்ளியியல்ல அவர் ஒண்ணு சொல்லிட்டா அதுக்கு மறுபேச்சே கிடையாது,” கூடத்திலிருந்து குரல் துரத்திக்கொண்டு வந்தது. “சொந்தப் பொண்ணோட ஆராய்ச்சின்னுகூடப் பாக்கல!”

யாரோ ‘உச்’ கொட்டினார்கள். அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

மகரந்தம் சேர்த்து, விதை பொறுக்கி, மறுபடி விதைத்து, ஏழு வருடம் பாடுபட்டு அவள் உருவாக்கிய சோள ரகம் அது. புது ரகங்களுக்கு அனுமதி தரும் வெளியீட்டுக் குழுவில் அப்பாவும் இருந்தார். ‘பொண்ணு விஷயம், நீங்க ஒதுங்கிக்குங்க’ என்று மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். மனிதர் ஒதுங்கவில்லை. விளைச்சலை ஒப்பிடும் சோதனையில், எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் அவசரத்தில் தன் சோளத்தையெல்லாம் வாய்க்கால் ஓரமாகவே விதைத்திருந்தாள். அப்பா ஒரே வரி எழுதினார்: ‘இந்த விளைச்சல் விதை தந்ததல்ல, தண்ணீர் தந்தது.’ ஏழு வருட உழைப்பு குப்பைக்குப் போனது. அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவள், ஒன்பது வருடம் கழித்து நேற்றுத்தான் படியேறினாள்.

அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள்.

“வந்தவங்க முன்னாடி இப்படி எந்திரிச்சு வர்றியே, நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?”

“அவர் பெருமைய நான் உக்காந்து வேற கேக்கணுமா?”

“காலைல ஒண்ணு கேட்டாரே. வாயத் தொறந்து ஒழுங்கா பதில் சொன்னியா?”

சொல்லவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: “அந்தக் கணக்க... திரும்பப் போட்டுப் பாத்தியா?”

“எனக்கு வேற வேல இல்லியா?” என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறக்கவில்லை.

மகள் குழாயை மூடினாள்.

“போட்டுப் பாத்தேம்மா. மூணு தடவ. எங்கயாவது அவர் தப்பு பண்ணியிருக்க மாட்டாரான்னுதான் போட்டேன். வாய்க்கால் தண்ணியால வந்த விளைச்சலக் கழிச்சதும் என் சோளம் சாதாரண சோளம்தான்.”



“வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா எட்டி எட்டிப் பாப்பாரு அந்த மனுஷன். ஒன்பது வருஷம். இத எங்கிட்ட எதுக்குடி சொல்ற?”

அம்மா முந்தானையை உதறிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

உடலை எடுத்துப்போக வண்டி வந்தது; ஓட்டுநரோடு ஓர் உதவியாள் மட்டும். “தலைப்பக்கம் நாங்க ரெண்டு பேரு. கால்பக்கம் யாராவது புடிங்க,” என்றார் ஓட்டுநர். துறைத்தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“நீங்க விடுங்க,” என்று மகள் கால்பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினாள்.

அவள் நினைத்திருந்ததைவிடக் கனம் குறைவு. வாசற்படியில் இறங்கித் திரும்பும்போது தூக்குப்படுக்கை கொஞ்சம் சாய்ந்தது.

“பாத்து... மெதுவா,” என்றாள்.

முன்னால் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.